செட்டில்

'செட்டில்' என்ற வினையை யாரும் இப்போது ஆங்கிலமாக நினைப்பதில்லை. பையன் செட்டில் ஆகிவிட்டானா என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். வடக்கே எங்கோ போர் போட்டுத் திரும்பிய ஆட்களுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி கணக்கை செட்டில் பண்ணுகிறார். பாட்டி பேரன் பேருக்குத் தோட்டத்தை செட்டில்மெண்ட் எழுதி வைக்கிறாள். இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது ஓர் இருக்கை. பழைய ஆங்கிலத்தில் 'ஸெட்ல்' என்றால் உட்காருமிடம். வண்டல் படிவது, பறவை கிளையில் அமர்வது, வழக்கு முடிவது, கடன் அடைவது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. அகராதி இத்தோடு நிறுத்திக்கொள்ளும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது வந்து சேர்ந்த வழி அகராதியில் கிடையாது.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரியை நிர்ணயிக்க வந்தவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். மெக்லியோட், கிரஹாம், மன்றோ மூவரும் அவருக்கு உதவி. எல்லோருமே பட்டாளத்துக்காரர்கள். நிலத்தை அளந்து, இன்ன வயலுக்கு இன்னார் இவ்வளவு கட்டவேண்டும் என்று எழுதுவதுதான் செட்டில்மெண்ட். பிற்பாடு மதராஸ் ராஜதானியின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை உருக்கொண்டது இங்கேதான். ரீட் முதலில் விரும்பியது நீண்டகாலக் குத்தகை. குடியானவர்கள் மசியவில்லை. மழையை நம்பிய மேட்டுக்காட்டுக்காரன் பல வருஷத்து வரிக்கு இன்றைக்கே எப்படித் தலையைக் கொடுப்பான்? 1796 டிசம்பரில் ரீட் இறங்கிவந்தார்: வருஷாவருஷம் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நிலையாக உட்கார வைக்கவேண்டிய சொல், நடைமுறையில் ஆண்டுக்கொரு பேரம் ஆயிற்று. 1802க்குப் பின் 'நிரந்தர' செட்டில்மெண்ட் என்று ஜில்லாவை மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். அதன் நிரந்தரமும் தெரிந்ததே. பல மிட்டாக்கள் கிஸ்தி கட்டமுடியாமல் சர்க்காரிடமே திரும்பின. எஞ்சியவற்றின் கதையை 1948ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் முடித்தது.

தமிழ் இந்த வரியைத் 'தீர்வை' என்றது. தீர் என்ற வினையிலும் வழக்கு தீரும், கடன் தீரும், கணக்குத் தீரும். ஆனால் ஆள் உட்காரமாட்டான். ஆள் தீர்ந்தான் என்றால் அர்த்தமே வேறு. ஆங்கிலச் சொல்லின் பாதியைத்தான் தமிழ் வாங்கிக்கொண்டது. ஆளை உட்காரவைக்கிற மறுபாதி வேறு சிலர்மீது வந்து இறங்கியது.

கடற்கரை உப்பை மாட்டின்மேல் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள் உப்புக்குறவர்கள். 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது. பொதி வியாபாரம் நொடித்தது. வயல் கணக்கில் பெயரில்லாதவன், ஊர்விட்டு ஊர் போகிறவன், செட்டில்மெண்ட் கண்ணுக்குப் புலப்படமாட்டான். புலப்பட்டபோது குற்றவாளியாகத்தான் பட்டான். 1911ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு கூட்டத்தையே ஓரிடத்தில் அடைத்துவைக்கவும், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அதிகாரம் தந்தது. அந்த இடங்களுக்கும் செட்டில்மெண்ட் என்றே பெயர்: தென்னாற்காட்டில் அஜீஸ் நகர், குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரம். ஒருவனுக்குப் பட்டாவாக வந்த சொல் இன்னொருவனுக்கு வேலியாக வந்தது. இரண்டையும் ஒரே சர்க்கார், ஒரே வினையைக்கொண்டு செய்தது. இது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. மதராஸில் அந்தச் சட்டம் 1947ல் ரத்தாயிற்று. சீர்மரபினர் பட்டியலில் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கென்று 'சேலம் உப்புக் குறவர்' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பொதிமாடும் உப்பும் எப்போதோ போய்விட்டன.

இலக்கணத்தைக் கவனியுங்கள். ரீடின் வினைக்கு எழுவாய் கம்பெனி. நிலமும் ஆளும் செயப்படுபொருள். நம் கல்யாண வீட்டுப் பேச்சில் 'பண்ணு' உதிர்ந்து 'ஆகு' ஒட்டிக்கொண்டது. பையன் தானாகவே செட்டில் ஆகிறான், பால் தயிராவதைப்போல. செய்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிட்டான். அதிலும் ஊரை விட்டே போய் அமெரிக்காவில் இருப்பவனைத்தான் நன்றாக செட்டில் ஆனவன் என்கிறோம்.

ஜமாபந்தி இன்றும் வருஷந்தோறும் தாலுகா ஆபீசில் நடக்கிறது. மனைப்பட்டா கேட்டு மனுவோடு நிற்பவர்கள் இந்த ஆங்கிலச் சொல்லை உபயோகிப்பதில்லை. 'குடியிருந்து வருகிறோம்' என்றுதான் எழுதுகிறார்கள்.