பாலே மேடையில் கறுப்பினக் கலைஞர்கள்: தனிநபர் நுழைவிலிருந்து பள்ளி மரபு வரை

அமெரிக்க பாலே வரலாற்றில் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் ‘முதல்’ என்ற அடைமொழியோடு தொடங்குகின்றன: முதல் நடனமணி, முதல் தலைமை நடனர், முதல் அட்டைப்படம். இந்தப் பட்டியல் உண்மையானதே. ஆனால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் மீண்டும் ‘முதல்’ ஆக நேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. தனிநபர்களின் சாதனை அவர்களோடு முடிந்துபோகாமல் காத்தவை கறுப்பின ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளே என்பதை 20ஆம் நூற்றாண்டின் சான்றுகளைக் கொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

நிபந்தனையோடு கிடைத்த இடம்

1917இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர் ஜேனட் காலின்ஸ். பதின்ம வயதில் நடன அமைப்பாளர் லியோனிட் மாசின் முன்பு ஆடிக் காட்டியபோது அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை. மேடையேற வேண்டுமானால் தோலுக்கு வெள்ளைச் சாயம் பூச வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காலின்ஸ் மறுத்தார். 1951இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் ‘ஐடா’வில் தலைமை நடனமணியாகத் தோன்றினார். கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் அதே அரங்கில் பாடியது 1955இல்தான். அவருக்கு முன்பே அந்த மேடையில் காலின்ஸ் ஆடிவிட்டார். எனினும், அந்த ஓபரா நிறுவனம் தென் மாநிலங்களில் பயணம் செய்தபோது அவர் இடத்தில் வேறொருவர் ஆட வேண்டியிருந்தது.

ரேவன் வில்கின்சன் 1955இல் பாலே ரூஸ் த மான்டே கார்லோ குழுவில் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டிலேயே தனிநடனங்கள் ஆடும் நிலைக்கு உயர்ந்து, ‘லே சில்ஃபீட்’ பாலேயின் வால்ட்ஸ் பகுதியை ஆடினார். வெளிர் நிறம் கொண்டவர் என்பதால் தென் மாநிலங்களில் அவரது இனம் உடனே தெரியவில்லை. 1957இல் அட்லான்டா விடுதியில் நேருக்கு நேராகக் கேட்டபோது பொய் சொல்ல அவர் உடன்படவில்லை. கறுப்பினத்தவருக்கான வேறு விடுதிக்கு அனுப்பப்பட்டார். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் ஆட்கள் மேடைக்கே ஏறி, கறுப்பினப் பெண் யார் என்று கேட்டார்கள். சக நடனர்கள் வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் அக்குழுவை விட்டு விலகினார்.

பள்ளிகள் உருவான விதம்

வெள்ளையர் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் டாரிஸ் ஜோன்ஸும் கிளேர் ஹேவுட்டும் 1941இல் வாஷிங்டனில் ஒரு பாலே பள்ளியைத் தொடங்கினார்கள். ஜோன்ஸ் பாஸ்டனில் வளர்ந்தபோது, தனக்குத் தெரிந்த டாப் நடனத்தைக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாக பாலே கற்றவர். பிலடெல்ஃபியாவில் மரியன் கைஜட் 1948இல் ஜூடிமார் பள்ளியை நிறுவினார். பின்னாளில் நவீன நடனத்தின் பெரும் ஆளுமையான ஜூடித் ஜேமிசன் சிறுமியாகப் பயின்றது அங்கேதான்.

இப்பள்ளிகளின் விளைவை ஒரே சங்கிலியில் காணலாம். வாஷிங்டன் பள்ளியில் உருவான சில்வெஸ்டர் கேம்ப்பெல், அமெரிக்காவில் வாய்ப்பில்லாமல் டச்சு தேசிய பாலேயில் நட்சத்திரமானார். வாய்ப்பிழந்து நின்ற வில்கின்சனை 1967இல் அங்கே அழைத்துக்கொண்டவரும் அவரே. ஒரு நாடு மூடிய வழியை ஒரு பள்ளியின் மாணவர் இன்னொரு நாட்டில் திறந்துவிட்டார்.

‘அகோன்’: நிறமே அழகியலாக

ஹார்லெமில் பிறந்த ஆர்தர் மிட்செல் 1955இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதற்கு ராணுவப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மிட்செலின் குழுவுடைய நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சைன், ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ‘அகோன்’ பாலேயை அரங்கேற்றினார். அதன் இருவர் நடனத்தில் மிட்செலும் வெள்ளையரான டயானா ஆடம்ஸும் ஆடினார்கள்.

கதையோ அலங்கார உடையோ அதில் இல்லை. பயிற்சி உடையில் இரண்டு உடல்கள், அவ்வளவே. ஓரிடத்தில் ஆடம்ஸ் ஒற்றைக் கால்நுனியில் நின்று மறுகாலைப் பின்னே உயர்த்துகிறார். மிட்செல் தரையில் மல்லாந்து கிடந்தபடி அவர் கையை மட்டும் பற்றியிருக்கிறார். ஆடம்ஸின் முழுச் சமநிலையும் அந்த ஒரு கைப்பிடியைச் சார்ந்தது. கைகள் பின்னிக்கொள்ளும்போது தெரியும் நிற வேறுபாட்டை மறைக்காமல், அதை நடன அமைப்பின் கூறாகவே பாலன்சைன் பயன்படுத்தினார். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி இந்த நடனத்தை 1968 வரை ஒளிபரப்பவில்லை.

ஹார்லெமின் விடை

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சி மிட்செலைத் தம் சொந்த ஊர்ப் பிள்ளைகளை நோக்கித் திருப்பியது. தம் ஆசிரியர் கேரல் ஷூக்குடன் சேர்ந்து 1969இல் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமை நிறுவினார். கார் நிறுத்தும் கூடம் ஒன்றில் கதவைத் திறந்து வைத்தே வகுப்பு நடந்தது. எட்டிப் பார்த்த சிறுவர்கள் உள்ளே வந்தார்கள். வெட்டிய ஜீன்ஸோடு ஆடவும் அவர்களுக்கு அனுமதி இருந்தது. 30 பேருடன் தொடங்கிய வகுப்பு சில மாதங்களில் 400 பேரை எட்டியது.

இக்குழுவின் அழகியல் பங்களிப்புகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, 1970களில் நிகழ்ந்த காலுறை மாற்றம். பாலேயின் இளஞ்சிவப்புக் காலுறையும் காலணியும் இடுப்பிலிருந்து கால்நுனி வரை ஒரே கோடாகத் தெரிவதற்காக, வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து உருவானவை. கறுப்பு உடலில் அதே நிறம், கையையும் காலையும் இருவேறு உடல்களைப் போலப் பிரித்துக் காட்டிவிடும். நடனமணி லான்ச்சி ஸ்டீவன்சன் முன்வைத்த யோசனையை மிட்செல் குழு முழுமைக்கும் விரிவாக்கினார். ஒவ்வொருவரும் தம் தோலின் நிறத்துக்கேற்பக் காலுறைக்குச் சாயமேற்றி, காலணியின் சாட்டின் துணியிலும் நாடாவிலும் முகப்பூச்சைத் தடவிக்கொண்டார்கள். மேடையில் குழு ஒரே நிறத்தில் இல்லை. ஆனால் ஒவ்வோர் உடலின் கோடும் முழுமையாக இருந்தது.

இரண்டாவது, 1984இல் அரங்கேறிய ‘கிரியோல் ஜிசெல்’. 1841இல் பாரிஸில் பிறந்த ‘ஜிசெல்’ பாலேயின் இசையும் அசைவுகளும் பெரும்பாலும் அப்படியே இருக்க, கதைக்களம் மட்டும் லூசியானாவில் அடிமைத்தளையின்றி வாழ்ந்த கறுப்பினச் சமூகத்துக்கு மாறியது. அச்சமூகத்தில் ஒருவர் அடிமைத்தனத்திலிருந்து எத்தனை தலைமுறை விலகியிருக்கிறார் என்பதே அந்தஸ்தின் அளவுகோல். அதனால் மூலக்கதையில் பிரபுவுக்கும் குடியானவப் பெண்ணுக்கும் இடையிலான பழைய பிளவு புதிய வரலாற்று ஆழம் பெற்றது. நாயகியாக ஆடியவர் வர்ஜீனியா ஜான்சன்.

தொடர்ச்சியும் மதிப்பீடும்

1990இல் லாரன் ஆண்டர்சன் ஹூஸ்டன் பாலேயின் தலைமை நடனமணியானார். 2015 ஜூனில் மிஸ்டி கோப்லண்ட் நியூயார்க்கில் ‘ஸ்வான் லேக்’ ஆடி முடித்தபோது, வில்கின்சனும் ஆண்டர்சனும் மேடையேறி மலர்க்கொத்து கொடுத்தார்கள். சில நாட்களில் அமெரிக்கன் பாலே தியேட்டர் கோப்லண்டைத் தலைமை நடனமணியாக உயர்த்தியது. அப்போது 75 ஆண்டுகால வரலாறு கொண்டிருந்த அந்நிறுவனத்தில் ஒரு கறுப்பினப் பெண் அந்த நிலையை அடைந்தது அதுவே முதல்முறை.

இந்த வரிசை தானாக நீளவில்லை. 2004இல் கடன் சுமையால் ஹார்லெம் நடனக்குழு நின்றது. ஆனால் குழு இல்லாத ஆண்டுகளிலும் பள்ளி பாடம் நடத்தியது. 2012இல் வர்ஜீனியா ஜான்சன் தலைமையில் குழு மீண்டும் எழுந்தது. லண்டனின் பாலே காலணி நிறுவனமான ஃப்ரீட், பாலே பிளாக் நடனக்குழுவுடன் இணைந்து பழுப்பு நிறக் கால்நுனிக் காலணிகளை 2018இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹார்லெம் தன் கையாலேயே செய்துகாட்டியதைச் சந்தை ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஆகவே, பாலே நிறுவனங்களின் மாற்றத்தை மதிப்பிடுகையில் எத்தனை பேர் ‘முதல்’ ஆனார்கள் என்பது போதுமான அளவுகோல் ஆகாது. பயிற்சி வகுப்பில் இன்று எத்தனை கறுப்பினப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களுக்குக் கற்பிப்பவர் யார், அவர்கள் அணியும் காலணி யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்பதே ஜோன்ஸ், கைஜட், மிட்செல் ஆகியோரின் உழைப்புக்கு நியாயம் செய்யும் ஆய்வுமுறை.