யூஎக்ஸ் என்றால் என்ன? பாடு, சாரா: நம் நாட்டு உதாரணங்கள்

அரசாங்கம் உங்களிடம் ஒரு விவரம் கேட்கிறது, அல்லது ஓர் உதவி தருகிறது. அந்த வேலை முடியும் வரைக்கும் நீங்க தாண்டும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு டிசைன் குழு எடுத்த முடிவு. அந்தப் படிகள் எல்லாம் சேர்ந்ததுதான் யூஎக்ஸ், அதாவது பயனர் அனுபவம். பட்டன் நிறம் அதில் ஒரு சின்னப் பகுதி.

2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு எனும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கியது. (தமிழில் வாசித்தால் சிரிப்பு வரும் பெயர். சிலருக்கு உண்மையிலேயே பாடுதான்.) மார்ச் 31 வரை அவகாசம் இருந்தது. இணையத்தில் அடையாளத்தை உறுதிப்படுத்த மைகார்டைப் படம் எடுக்கணும், பிறகு ஒரு செல்ஃபி என்று இருந்தது. உங்களுக்கு அது சில நிமிட வேலை. தோட்டத்தை விட்டு புக்கிட் பெருந்துங்கில் குடியேறிய ஒரு பாட்டியை நினைச்சுப் பாருங்க. போன் பேரனுடையது. கார்டு தேய்ஞ்சு போயிருக்கு. மலாய் பேசுவார், வாசிக்க வராது. இவருக்கு எந்தப் படியில் வேலை நிற்கும்? முகப்பிடங்களிலும் பதியலாம் என்று வழி இருந்தது. ஆனால் அங்கே போக வண்டி வேணும்.

அடுத்தது சாரா. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர் எல்லாருக்கும் 100 ரிங்கிட் கொடுத்தாங்க. பதிவு தேவைப்படல, செயலியும் தேவைப்படல. பங்கேற்ற கடையில் மைகார்டைக் கொடுத்தாலே போதுமாக இருந்தது. பர்ஸில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே சாவியாக்கினார்கள். அதே பாட்டி இதைத் தனியாகவே செய்திருக்கலாம். டிசைன் என்று பார்த்தால், என் கணிப்பில் இது பாடுவை விட ரொம்ப மேல். ஆனாலும் முதல் நாள் கூட்டத்தில் கட்டண முறை திணறியது. கவுண்டரில் நிற்பவருக்கு செர்வர் தாமதமும் யூஎக்ஸ்தான்.

அப்போ டிசைன் குழுவின் தலைவர் என்ன செய்யணும்?

பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2012-இல் வெளியிட்ட கொள்கைகளில் முதலாவது, பயனரின் தேவையிலிருந்து தொடங்குவது. சொல்ல சுலபம். குழுவில் எல்லாரும் பட்டதாரிகள், எல்லார் கையிலும் புது போன் என்றால், அவங்க மனசில் வரும் பயனரும் அவங்க மாதிரியேதான் இருப்பார். அதனால் தலைவரின் முதல் வேலை, குழுவை அலுவலகத்துக்கு வெளியே கூட்டிப் போவது. ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிஞ்சிடும் என்பது யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சனின் பிரபலமான வாதம். ஐந்து பேரும் ஒரே வகை ஆளாக இருந்தால் பிரயோஜனம் குறைவு. போனைக் கையில் கொடுத்துட்டு வாயை மூடிக்கணும். "இங்க அழுத்துங்க" என்று சொன்ன நொடியே சோதனை கெட்டுப் போச்சு.

திரும்பி வந்து பேசும்போது, நேரில் பார்த்தவர் முதலில் பேசட்டும், அவர் பயிற்சி மாணவராக இருந்தாலும் சரி. "எனக்குப் பிடிக்கல" என்பதை யாரிடமிருந்தும் காரணமாக ஏற்க வேண்டாம், தலைவரிடமிருந்தும்.

உங்க கீபோர்டிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில், ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டினால் "அம்மா" வரும். ஆங்கில விசைப்பலகை பழகிய கைக்கு அது பொருந்தும். தமிழ்99 பழகியவருக்கு அது தடுமாற்றம். அவருடைய செல்லினம் செயலியில் இரண்டு அமைப்பும் உண்டு.

கோயில் விழாவுக்கோ தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்கோ நீங்களே ஒரு பதிவுப் படிவம் செய்யப் போறீங்களா? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அந்தப் பதிலை யார் எதுக்குப் பயன்படுத்துவார் என்று எழுதிப் பாருங்க. எழுத முடியாத கேள்வியை நீக்கிடுங்க. கடைசியில் ஒரு போன் நம்பர் போடுங்க, படிவத்தை நிரப்ப முடியாதவர் கூப்பிட.