குடிநீர் வாரியமும் பல்கலைக்கழக பஸ் டிரைவர்களும்

வைட்ஃபீல்டில் பெங்களூரு குடிநீர் வாரியம் என்றாலே காவேரித் தண்ணீர்ப் பேச்சுதான். அந்த வாரியத்தின் பெயரில் ஒரு சுப்ரீம் கோர்ட் வழக்கு உண்டு. பல்கலைக்கழக ஊழியர்கள் சம்பளம், பதவி என்று வழக்காட வழிவிட்டது அதுதான்.

முதலில் டெல்லிக் கதை. அங்கே பல்கலைக்கழகம் மாணவிகளுக்காக ஓட்டிய பஸ் நஷ்டமாகி, டிரைவர்களுக்கு வேலை போனது. இழப்பீடு கேட்டார்கள். 1963-ல் சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. கல்வி 'தொழில்' அல்ல என்று சொல்லிவிட்டது. ஸ்டியரிங் பிடித்தவரும் கல்விக் கணக்கில் சேர்ந்துவிட்டார்!

அடுத்து நம்ம பெங்களூர். குடிநீர் வாரியம் சில ஊழியர்களுக்கு அபராதம் போட்டுப் பணம் பிடித்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 'நாங்கள் தொழில் நிறுவனமே இல்லை' என்றது வாரியம். 1978 பிப்ரவரியில் ஏழு நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். லாப நோக்கம் இல்லாவிட்டாலும், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து முறையாக நடத்தும் சேவை தொழில்தான் என்றார். பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். டெல்லித் தீர்ப்பு அடிபட்டது.

கிளார்க், லேப் அட்டெண்டர், டிரைவர் எல்லோருக்கும் கதவு திறந்தது. வாத்தியார்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் 'தொழிலாளி' அல்ல என்று 1988-ல் தீர்ப்பு வந்தது.

1947-ன் தொழில் தகராறு சட்டம் போய், 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. தர்ம, சமூக சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் என்று மறுபடி வாதம் வரும்.

சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன், சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பதே கேள்வி. விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருக்கும் ஐ.டி. நண்பர்களே, கோர்ட் பார்ப்பது பட்டத்தை அல்ல, நீங்கள் செய்யும் வேலையை!