தென்னங்குருத்தைக் காத்த கைப்பிடி உப்பு

தென்னை மட்டை விரியும்போது, கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோணமாக வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது காண்டாமிருக வண்டின் வேலை! மட்டை விரிவதற்கு முன்பே, குருத்தைத் துளைத்துச் சாறு குடித்துவிட்டுப் போன அடையாளம்.

தென்னைக்குக் கிளை கிடையாது. இருப்பது ஒரே ஒரு குருத்து. அது போனால் மரமே போய்விடும். வண்டு போட்ட காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால், பல வருடம் வளர்த்த மரம் உள்ளேயே அரிக்கப்பட்டுச் சாய்ந்துவிடும்.

இதற்குக் கேரளத்திலும் தமிழகத்திலும் விவசாயிகள் கண்ட வழி மிக எளிமையானது. சமையல் உப்பையும் மணலையும் கலந்து, குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளில் போட்டார்கள். சில இடங்களில் சாம்பலும் சேர்ப்பார்கள். வண்டு உள்ளே நுழைவது அந்த இடுக்கு வழியாகத்தான். மணல் அதன் உடல் மூட்டுகளில் புகுந்து உறுத்தும்.

உப்பு மரத்தைக் கெடுக்காதா? தென்னை கடற்கரை மரம். உப்பில் உள்ள குளோரைடு தென்னைக்குத் தேவையான சத்து என்று 1970களில் பிலிப்பைன்ஸில் நடந்த உர ஆய்வுகள் காட்டின.

பிறகு ரசாயன மருந்துகளின் காலம் வந்தது. உப்பு இருந்த இடத்தில் பி.எச்.சி. தூள் வந்தது. அதையும் மணலோடு கலந்து அதே இடுக்கில்தான் போட்டார்கள்! மண்ணிலும் உணவிலும் தங்கிவிடும் அந்த நஞ்சை இந்தியா 1997-ல் தடை செய்தது. இன்று ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் போடச் சொல்கிறார்கள். மருந்துதான் மாறியது. மணலும் இடமும் மாறவில்லை.

ஆனால் இந்த முறை ஒரு மரத்தைத்தான் காக்கும், வண்டு பெருகுவதைத் தடுக்காது. அது பெருகுவது எருக்குழியிலும் மட்கிய மரங்களிலும். 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போன இதே வண்டு, அங்கிருந்த தென்னைகளைப் பாழாக்கியது. 1963-ல் மலேயாவில் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானியர் வண்டைக் கொல்லும் வைரஸைக் கண்டுபிடித்தார். 1967-ல் அதைச் சமோவாவில் பரப்பிய பிறகுதான் சேதம் குறைந்தது.

அப்படியானால் கைப்பிடி உப்பு வீணா? இல்லை. எருக்குழியைச் சுத்தமாக வைப்பவருக்கு அது இன்றும் நல்ல துணை. ஒரே சிக்கல், மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும், மறுபடியும் ஏறிப் போட வேண்டும். உப்பு மலிவுதான். மரம் ஏறும் ஆள்தான் இன்று கிடைப்பதில்லை!