சந்தை மூடிய நாளும் நம் பால்கனித் தொட்டியும்

இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் பால்கனியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். துணிக் கொடிக்குக் கீழே, பழைய பக்கெட்டுக்குப் பின்னால், காய்ந்த மண்ணோடு ஒரு குரோபேக் சாய்ந்து கிடக்கிறதா? அது 2020-இல் வாங்கியதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், உங்களைப் போல் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தப் பை ஏன் காலியானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், புதிதாகச் செடி வைக்க நினைப்பவர்களுக்கு எங்கே தொடங்குவது என்பது புரியும்.

நம் ஊர்ப் பெயரிலேயே ‘சாவடி’ இருக்கிறது, பக்கத்தில் குமணன்சாவடி. வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் இருந்த பொது இடத்தைச் சாவடி என்றார்கள். சென்னைக்குக் காய்கறி வந்து இறங்கிய பழைய சந்தையும் ஒரு சாவடிதான்: ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடி. 1996-இல் அந்த மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. அங்கே லாரி வந்தால் இங்கே கடைகளில் காய் இருக்கும் என்பது நமக்குப் பழகிப்போனது. அரைக் கிலோ தக்காளி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகவே கிடைத்தது. அதை யார் வளர்க்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

2020 மே 5-ஆம் தேதி, கொரோனா பரவியதால் கோயம்பேடு மூடப்பட்டது. சில நாட்களில் காய்கறி மொத்த விற்பனைக்குத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். அதாவது, மாநகரத்துக்கான காய்கறி நமக்குச் சில கிலோமீட்டர் மேற்கே வந்து நின்றது. ஆனாலும் கொசுறு நின்றுபோனது. ஒரு கட்டு கொத்தமல்லிக்காக மாஸ்க் போட்டுக்கொண்டு கீழே இறங்க யோசித்த நாட்கள் அவை. அப்போதுதான் பலர் விதைப் பாக்கெட்டும் குரோபேக்கும் வாங்கினார்கள். செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு மறுபடி திறந்தது. அதன் பிறகு பைகள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கின.

இது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும், சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. அந்த ஆண்டுதான் இந்தியாவில் ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் தொடங்கியது. அதே போர்க்காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டம் போடும்படி அரசாங்கங்கள் மக்களைக் கேட்டுக்கொண்டன. 1944-இல் அமெரிக்காவின் காய்கறியில் சுமார் 40 சதவீதம் இப்படிப்பட்ட தோட்டங்களில் விளைந்ததாக மதிப்பிட்டார்கள். போர் முடிந்தது, பெரும்பாலான பாத்திகள் மீண்டும் புல்தரையாயின. 1965-இல் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி டெல்லியில் தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அந்தப் பழக்கமும் வீடுகளில் நிலைக்கவில்லை. பயத்தில் போட்ட தோட்டம், பயம் போனதும் போய்விடுகிறது.

அப்படியானால் நிலைத்தது எது? நம் வீடுகளின் துளசி மாடத்தைப் பாருங்கள். அதுவும் தொட்டிச் செடிதான். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர், ஓரிரு இலை என்று அன்றாட வழக்கத்தோடு சேர்ந்ததால் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலையும் கிணற்றடி வாழையும் அப்படித்தான்: குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தானாக அங்கே போயின. நம் பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், இங்கே நந்தவனம் வைத்துத் தினமும் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டு போனார் என்பது வைணவ மரபு. அங்கேயும் முக்கியமான சொல் ‘தினமும்’ என்பதுதான்.

ஆகவே முதல் தொட்டியில் காலிஃப்ளவர், குடைமிளகாய் என்று ஆசைப்படாதீர்கள். உங்கள் சமையலறையில் தினமும் எது வேண்டும்? அதை வையுங்கள். கடையில் வாங்கிய புதினாவில் இலையைப் பறித்துக்கொண்டு, கணுவுள்ள தண்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வைத்தால் சுமார் பத்து நாளில் வேர் விடும். பிறகு தொட்டியில் நடலாம். தனியாவை இரண்டாக உடைத்துத் தூவினால் ஐந்தாறு வாரத்தில் கிள்ளலாம். ஏப்ரல், மே வெயிலில் மட்டும் வேண்டாம். அஞ்சறைப் பெட்டி வெந்தயம் மூன்று வாரத்தில் கீரையாகும். கற்பூரவல்லிக்கு ஒரு கிளை போதும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று, நான்கு மணி நேர வெயில் போதும்; தக்காளி, மிளகாய், கத்தரிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வெயில் விழாத பால்கனி என்றால் காய்ச்செடியை மறந்துவிடுங்கள்.

மண்ணைத் தூக்கி மாடியேற வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கயிறு ஆலைகளுக்கு வெளியே கழிவாகக் குவிந்து கிடந்த தென்னை நார்க் கழிவுதான் இன்று மாடித் தோட்டத்துக்கு அடிப்படை. எடை குறைவு, ஈரம் நிற்கும். உப்பு இருக்கும் என்பதால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து, மட்கிய உரம் கலந்து நிரப்புங்கள். 2021-இல் தமிழக அரசு தோட்டக்கலைத் துறை மூலம் மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளிலும் பைகளோடு இந்த நார்க் கழிவுக் கட்டிகள்தான் இருந்தன.

அடுக்கு மாடியில் இன்னொன்றும் உண்டு. உங்கள் தொட்டியில் வழியும் தண்ணீர் கீழ் வீட்டில் காயும் துணியில் விழும். தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். மொட்டை மாடியில் வைப்பதானால் சங்கத்திடம் சொல்லிவிட்டு, செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். தரையில் ஈரம் தேங்கினால் கசிவு வரும், பிறகு மெயின்டனன்ஸ் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

இப்போது எந்தச் சந்தையும் மூடவில்லை. பயமில்லாத நாளில் தொடங்கினால்தான் அது பழக்கமாகும். அந்தக் காலிப் பையை உதறி, இன்று ஒரு பிடி வெந்தயம் போடுங்கள். முளைத்துக் கிள்ளியதும், ஒரு பிடியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். நம் மாடியில் கொசுறு திரும்பி வரட்டும்.