சோழவரத்துக்குப் போன வண்டிகள்

வடசென்னையில் ‘ரேஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ராத்திரி எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பையன்கள் பைக்கை முறுக்குவது, போலீஸ் துரத்துவது, மறுநாள் செய்தியாக வருவது. இன்னொன்று வயதானவர்கள் சொல்வது: சோழவரம். இரண்டிலும் ஆம்பளைகள்தான் ஓட்டினார்கள் என்பது இங்கே யாருக்கும் கேள்வியாகப் பட்டதில்லை. கடலுக்குப் போவது ஆண்கள், மீன் விற்பது பெண்கள் என்பதைப் போல அதுவும் ஊர் வழக்கம்.

சோழவரம் செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, தளம் மிச்சமிருந்தது. 1950களின் தொடக்கத்தில் சென்னையின் வண்டிப் பைத்தியங்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதன்பின் 1980களின் இறுதிவரை, வருடாவருடம் வெயில் ஏறுவதற்குள் அங்கே பந்தயம் நடந்தது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் சனம் போய்ச் சேர்ந்தது. கோண்டல் மகாராஜா, கோயம்புத்தூர் மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், விஜய் மல்லையா என்று ஓட்டியவர்களின் பெயர்கள் இன்றைக்கும் சொல்லப்படுகின்றன. கார்ப்பரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள் அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

வடசென்னை வண்டி செய்யும் ஊரானதும் அதே காலத்தில்தான். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. புல்லட் மட்டுமல்ல, ஃபேன்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர், பின்னாளில் சில்வர் பிளஸ் என்று காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய ஒரு சின்ன வண்டி என்று பலதும் அந்த கேட்டைத் தாண்டி வந்தன. நான் இந்த ஊர்க்காரி. ஷிஃப்ட் முடிந்து அந்த கேட்டிலிருந்து கொத்துக் கொத்தாக வெளியே வந்த கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்த நினைவு எனக்கில்லை.

பந்தயத்தில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டால் உடம்பைக் காட்டுவார்கள். உண்மையில் மோட்டார் பந்தயம், ஆணும் பெண்ணும் ஒரே லைசென்ஸில் ஒரே தடத்தில் ஓட்டலாம் என்று விதியிருக்கும் மிகச் சில விளையாட்டுகளில் ஒன்று. ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது, தோள்பலம் வேண்டும், அது நிஜம். ஆனால் பயிற்சியால் வரக்கூடிய பலம் அது. பயிற்சிக்குப் பத்து வயதில் கோ-கார்ட்டில் உட்கார வேண்டும், உட்காரப் பணம் வேண்டும். பணமில்லாத பையனுக்கும் ஒரு வழி இருந்தது: மெக்கானிக் ஷெட். எங்கள் தெருவில் எட்டாவது பெயிலான பையன் கையில் ஸ்பேனர் பிடித்தான், ‘டிரையல்’ பார்க்கிறேன் என்று கஸ்டமர் வண்டியை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் வரை போய் வந்தான். சட்டவிரோதமோ இல்லையோ, அது ஒரு பள்ளிக்கூடம். பெண் குழந்தைக்கு அந்தப் பள்ளியில் அட்மிஷன் இல்லை.

இந்த இடத்திலிருந்துதான் பெண்களுக்கென்று தனிப் பந்தயம் வேண்டுமா என்ற கேள்வியை நான் பார்க்கிறேன். கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தில் 1907இல் திறக்கப்பட்ட புரூக்லேண்ட்ஸ் தடத்தில் பெண்கள் ஓட்டக் கூடாது. அடுத்த வருடம், 1908இல், பெண்களுக்கென்று ஒரே ஒரு பந்தயம் வைத்தார்கள். அதன் பெயரே ‘லேடீஸ் பிரேஸ்லெட்’, ஜெயித்தால் வளையல். மியூரியல் தாம்சன் ஆஸ்டின் காரில் ஜெயித்தார். பரவாயில்லையே, ஓட்டுகிறார்களே என்று கதவைத் திறந்தார்களா? இல்லை, பல வருடங்களுக்கு மூடிவிட்டார்கள். பெண்களுக்கான தனிப் பந்தயம் காட்சிப் பொருளாக மட்டும் நடத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வளையல் போதும். பிற்பாடு அதே புரூக்லேண்ட்ஸில் 1934இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், தானே செப்பனிட்ட நார்ட்டன் பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி, கோல்டு ஸ்டார் பதக்கம் வாங்கினார். அது ஆண்களுக்கும் அதே அளவுகோலில் தரப்பட்ட பதக்கம்.

நூறு வருடம் தள்ளி வருவோம். ஃபார்முலா 1 உலகச் சாம்பியன்ஷிப்பில் இதுவரை புள்ளி எடுத்த ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1975 ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவது இடம். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளிக்கு மேல் யாரும் போகாத நிலையில்தான் 2019இல் டபிள்யூ சீரிஸ் வந்தது. ஓட்டுநர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, ஜெயிப்பவருக்கு 5 லட்சம் டாலர். இந்தக் காசுக்கணக்குதான் அதன் புரட்சி. பிப்பா மேன் போன்ற ஓட்டுநர்கள் இது பெண்களை ஒதுக்கி வைப்பது என்று எதிர்த்தார்கள். சோஃபியா ஃப்ளோர்ஷும் ஏற்கவில்லை. ஆண்களோடுதான் மோதுவேன் என்று இருந்தவர், 2023இல் எஃப்ஐஏ ஃபார்முலா 3இல் புள்ளி எடுத்துக் காட்டினார்.

டபிள்யூ சீரிஸில் நடந்த மூன்று பருவங்களிலும் ஜேமி சாட்விக்தான் சாம்பியன். ஒரே ஆள் மூன்று தடவை ஜெயிப்பது தொடருக்குப் பெருமையில்லை. ஏணியின் அடுத்த படி இல்லாததால் ஒருத்தி அதே படியில் நின்றுகொண்டிருந்தாள் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். ஐரோப்பாவில் மேலே போக இடம் கிடைக்காமல் அவர் அமெரிக்காவின் இண்டி என்எக்ஸ்டிக்குப் போனார், 2024இல் ரோடு அமெரிக்காவில் ஜெயித்தார். தொடரோ 2022இல் பணமில்லாமல் பாதியில் நின்று, 2023இல் திவாலானது. அதே 2023இல் தொடங்கிய எஃப்1 அகாடமி இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கற்றிருக்கிறது. முதல் சாம்பியன் மார்த்தா கார்சியாவுக்கும் அடுத்த சாம்பியன் அபி புல்லிங்குக்கும் ஆண்களோடு ஓட்டும் அடுத்த தொடரில் செலவில்லாத இருக்கை தரப்பட்டது.

பைக் பக்கம் கதை இன்னும் சிக்கல். ஸ்பெயினின் அனா கராஸ்கோ 2018இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகச் சாம்பியன். ஆண்கள் நிறைந்த களத்தில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். 2024இல் பெண்களுக்கென்று தனி உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, அதிலும் முதல் பட்டம் அவருக்கே. கலப்புப் போட்டியில் உலகத்தை ஜெயித்தவள் பிறகு பெண்கள் போட்டிக்கு வருகிறாள் என்றால், ஏணி தலைகீழாக நிற்கிறது. ஜெயித்துக் காட்டினால் போதும், கதவு தானாகத் திறக்கும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த கதையை கராஸ்கோவின் வரலாறு பொய்யாக்குகிறது.

இனி நம்மூர். 1990இல் பந்தயம் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. வடசென்னைக்கு அது நகரத்தின் மறுகோடி. அங்கேதான் அலிஷா அப்துல்லா சின்ன வயதிலிருந்து பையன்களோடு பைக்கும் காரும் ஓட்டிப் பெயர் வாங்கினார். அவருடைய அப்பா ஆர்.ஏ. அப்துல்லா தேசிய அளவில் பட்டங்கள் வென்ற பைக் பந்தய வீரர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஷெட்டும் தடமும் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பெண்ணால்தான் அன்றைக்கு நுழைய முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். பின்னாளில் அவர் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியதும் அதனால்தான் இருக்கும்.

2010களின் பின்பாதியில் டிவிஎஸ் தன் ஒரே மாதிரி வண்டிப் பந்தயத்தில் பெண்கள் பிரிவைக் கொண்டுவந்தது. தேசியச் சாம்பியன்ஷிப்பிலும் பெண்கள் பிரிவு வந்தது. வண்டியைக் கம்பெனி தரும், எல்லோருக்கும் ஒரே வண்டி. இந்த ஏற்பாட்டின் அருமை வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டியவர். 2019இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். அது வேறு மாதிரி: ஆண்கள் போகும் அதே பாலைவனம், அதே தூரம், பட்டியல் மட்டும் தனி.

2022இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் இன்னொரு வழியை எடுத்தது. ஆறு அணி, அணிக்கு நாலு ஓட்டுநர், அதில் ஒருவர் கண்டிப்பாகப் பெண். இட ஒதுக்கீட்டின் ஊரில் இதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் பந்தயம் என்று அறிவித்தார்கள். மிக்ஜாம் புயல் வந்தது, தள்ளிப்போனது. அந்தப் புயல் வெள்ளத்தில்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போயின. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும். கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1இல் பந்தயம் நடந்தது. ராயபுரத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஃபார்முலா கார் ஓடியது.

அந்த லீகின் பெண்கள் இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். லிக்டென்ஸ்டைனின் ஃபேபியன் வோல்வெண்ட் டபிள்யூ சீரிஸில் ஓட்டியவர். அதாவது, அங்கே பெண்களுக்கான தனித் தொடர் அவர்களுக்கு ஓட்ட மைல்களைத் தந்தது, பெயரைத் தந்தது. இங்கே ஒதுக்கீடு வந்தபோது அந்த மைல்களோடு வந்து உட்கார்ந்தார்கள். நம்மிடம் ஒதுக்கீடு இருந்தது, கீழே மைல்கள் இல்லை. தனித் தொடர் உதவுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் என்னிடம் இல்லை. வதோதராவின் மீரா எர்டா போல, கலப்புக் களத்தில் ஓட்டி வளர்ந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஆறு இருக்கைக்கு ஆறு பேர் வேண்டுமென்றால், அடியில் அறுபது பேர் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரின் எடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், உடம்பின் பெயரால் பிரிக்க அங்கே ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்ததால்தான் வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு புது வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பினார், அரசு ஒரு கோடி தந்தது. பிரிவு என்பது பலவீனத்துக்கான சலுகை என்று நினைப்பவர்கள் அந்தச் சந்துகளில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் கேரம் பலகை மலிவு, சந்திலேயே போட்டு ஆடலாம். பந்தயத் தடத்துக்கு வாடகை உண்டு, டயருக்கு விலை உண்டு, ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கு 22 வயது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. 2018இல் அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய்வரை மானியம் தந்தது. அப்போது அக்கா வாங்கிய வண்டியில் ஓட்டக் கற்றவள், இப்போது கியர் பைக் வைத்திருக்கிறாள். டிரெய்லர்களுக்கு நடுவே தினமும் போய் வருகிறாள். பெண்கள் பிரிவுக்கான தேர்வுக்குப் போகிறேன் என்றாள். அக்கா முதலில் முடியாது என்றாள், பிறகு, “பொண்ணுங்க மட்டும்தானே ஓட்டுவாங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சரி என்றாள். டிரெய்லர்கள் பரவாயில்லை, பக்கத்தில் ஓட்டுவது பையன்களாக இருந்தால்தான் ஆபத்து. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுகிறாயா என்று கேட்டுவிட்டு வேலைக்கு அனுப்பிய வீடுதான் இது. பெட்டி தனி, ஆனால் ரயில் எல்லோரும் போகும் பீச் ஸ்டேஷனுக்குத்தான் போய் நின்றது. அந்தச் சம்மதத்தின் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை, சம்மதத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் நான் இல்லை.

அவளிடம் இன்னொன்றும் காட்டினேன். 2020இல் ராயல் என்ஃபீல்டு அமெரிக்காவில் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையிலேயே வண்டியைக் கொடுத்து, பிரித்துப் பந்தயத்துக்கேற்ப மாற்றிப் பூட்டச் சொல்லி, பயிற்சி தந்து ஓட விட்டது. இன்டர்செப்டர் 650, சென்னைக்குப் பக்கத்தில் செய்த வண்டி. கையில் கிரீஸோடு அந்தப் பெண்கள் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “ஓட்டறதைவிட இதுதான் சித்தி நமக்குக் கத்துக்குடுக்கல” என்றாள்.

திருவொற்றியூரில் எங்களுக்குத் தெரிந்த ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஷெட் மூடியிருக்கும் நேரம். முதல் வாரம் செயின் ஸ்பிராக்கெட் கழற்றிப் பூட்டினாள். தேர்வுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. லெதர் சூட் அவள் அளவுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை கிடைத்ததெல்லாம் தோளில் தொளதொளவென்று தொங்குகின்றன.