டெல்லியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? காசு கொடுக்கும் முன்பும் முதல் மாதத்திலும் கவனிக்க வேண்டியவை

நீளமான பானட், இரண்டே கதவு, குரோம் பம்பர். விற்பனை விளம்பரத்தில் இப்படி ஒரு காரைப் பார்த்ததும் விரல் தானாக நின்றுவிடும். விலையும் ஒரு புது ஹேட்ச்பேக் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆசை இன்னும் கூடும். டெல்லி, குருகிராம், நொய்டாவில் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் பலருக்கும் இந்த ஆசை உண்டு.

ஆனால் தலைநகரில் பழைய கார் வாங்குவதற்கு ரசனையும் பணமும் மட்டும் போதாது. காரின் வயது என்ன என்பதுதான் முதல் கேள்வி. அதற்குச் சரியான பதில் இல்லைன்னா, வாங்கிய கார் வீட்டு வாசலிலிருந்தே பறிமுதல் ஆகலாம்.

டெல்லியில் பழைய கார்களுக்கு என்ன தடை?

15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் உத்தரவிட்டது. டீசல் வண்டிகளுக்கு இந்த வரம்பு 10 ஆண்டு என்று 2015-ல் கூறியது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2025 ஜூலை 1 முதல் டெல்லி பங்க்குகளில் இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்ற நடைமுறை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 17-ல் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. பி.எஸ்.-4 அல்லது அதற்குப் பிந்தைய தரத்தில் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு என்று சுருக்கப்பட்டது.

டெல்லியில் பி.எஸ்.-4 தரம் வந்ததே 2010-ல்தான். அப்படியானால் நீங்கள் 'கிளாசிக்' என்று ஆசைப்படும் கார் எதுவாக இருந்தாலும், அநேகமாக இந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கும்.

ஓட்டவே இல்லை, சும்மா நிறுத்தி வைத்தால்?

பொது இடத்தில் நிறுத்தினாலும் சிக்கல்தான். 2024-ல் டெல்லி அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வயது முடிந்த வண்டி தெருவில் நின்றாலே எடுத்துச் செல்லலாம். நான்கு சக்கர வண்டியை மீட்க 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். தனியார் இடத்தில்தான் நிறுத்துவேன், அல்லது டெல்லிக்கு வெளியே கொண்டுபோய்விடுவேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

லட்சுமி நகரிலோ முனிர்காவிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சந்தில் கார் நிறுத்துபவர் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். உங்களுக்கே உரிய, பூட்டக்கூடிய பார்க்கிங் இடம் இல்லாமல் இந்த யோசனையைத் தொடவே வேண்டாம்.

'விண்டேஜ்' என்றால் விலக்கு உண்டுதானே?

உண்டு. ஆனால் அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். முக்கிய அம்சங்கள் இவை:

• புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.
• புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.
• படிவம் 20-உடன் இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி. ஆகியவற்றைத் தர வேண்டும். இறக்குமதியான கார் என்றால் சுங்கத்துறையின் 'பில் ஆஃப் என்ட்ரி'யும் வேண்டும்.
• சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.
• அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம்.

நான்காவது அம்சம் பலரும் கவனிக்காதது. "உள்ளே புது ஜப்பான் இன்ஜின் சார், சும்மா பறக்கும்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், விண்டேஜ் பதிவு கிடைப்பதே சந்தேகம் என்று அர்த்தம். ஐந்தாவது அம்சமும் அவ்வளவே முக்கியம். சைபர் சிட்டி ஆபீஸுக்கு இந்தக் காரில் போய்வரும் கனவு சட்டப்படி நடக்காது.

15-க்கும் 50-க்கும் நடுவே இருக்கும் கார்கள்?

இவைதான் பாவம். உதாரணத்துக்கு, 1990-களின் கடைசியில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம். இரண்டே இருக்கை, ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின். இந்தியாவில் தயாரான வெகு சில ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. ஆனால் அதற்கு 50 வயது ஆக இன்னும் இரண்டு தலைமுறை எம்.பி.க்கள் வந்து போக வேண்டும். அதுவரை தலைநகர் வட்டாரத்தில் அது வயது முடிந்த வண்டிதான்.

அதனால்தான் இப்படிப்பட்ட கார்கள் டெல்லியில் மலிவாகக் கிடைக்கின்றன. இதற்கு ஒரே வழி, என்.ஓ.சி. வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது. ஊரில் அப்பா அம்மா வீட்டில் கராஜ் இருந்தால், தமிழ்நாட்டில் மறுபதிவு செய்வது யோசிக்கக்கூடிய வழி. அங்கே தகுதிச் சோதனையில் தேறி, பசுமை வரி கட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு திருத்திய கட்டணப்படி, 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்பு 10,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 80,000 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

"டி.என். நம்பர் வாங்கிட்டு டெல்லியிலேயே ஓட்டினா என்ன?" என்று கேட்காதீர்கள். எந்த மாநிலப் பதிவாக இருந்தாலும் வயதுத் தடை பொருந்தும். இன்னொன்று: சென்னை சுமார் 2,200 கி.மீ. புதிதாக வாங்கிய பழைய காரை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகும் சாகசம் வேண்டாம். லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

அப்படியானால் எந்தக் காரைத் தேடலாம்?

50 வயதைக் கடந்தவற்றில், முதல் முறை வாங்குபவருக்கு ஏற்ற ஒன்று நம்ம ஊர்க் கார்தான்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1960-களில் தயாரித்தது. பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி.

ஹெரால்டு குடும்பக் கார்தானே என்று கேட்கலாம். ஆனால் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் உருவானது. முன் சஸ்பென்ஷன் உட்பட பல பாகங்கள் ஒரே குடும்பம் என்பதால், பிரிட்டனில் இன்றும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. இந்த அனுகூலம் அபூர்வ கார்களுக்கு இல்லை.

காசு கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் காரில் பொறித்திருக்கும் எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் தற்போதைய உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். டெல்லியில் வெளிநாட்டுத் தூதரகங்கள் வழியாக வந்த கார்கள் நிறைய உண்டு. அவற்றுக்குச் சுங்க ஆவணம் இல்லை என்றால் விலகிவிடுங்கள். "பேப்பர் அப்புறம் ரெடி பண்ணிக்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து உடம்பு. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பூட் தரை எல்லாம் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் என்பதால் காரை லிஃப்டில் ஏற்றி, பக்கவாட்டில் நீளும் கைகளில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினைச் சரிசெய்வதைவிட துருவைச் சரிசெய்வது செலவு பிடிக்கும்.

கடைசியாக இன்ஜின். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். பழைய டிரையம்ஃப் இன்ஜின்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவர் கிளட்சை அழுத்த, மற்றவர் முன்பக்க கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

வாங்கியாச்சு. முதல் மாதம் என்ன செய்வது?

புது பெயின்ட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பிறகு. வரிசை இப்படி இருக்கட்டும்: நிற்பது, திரும்புவது, ஓடுவது, அழகு.

பிரேக்: இந்தக் காலத்துக் கார்களில் பல ஒற்றை சர்க்யூட் பிரேக் கொண்டவை. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ரப்பர் ஹோஸ், சிலிண்டர் சீல், பிரேக் ஆயில் மூன்றையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

டயர்: பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். '2316' என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பக் கூடாது.

முன் சக்கரம்: ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் 'டிரன்னியன்' என்ற பித்தளை மூட்டு உண்டு. அதற்கு கியர் ஆயில் போட வேண்டும். பல மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே சரியாகப் போகாது, துரு பிடிக்கும், ஒருநாள் மூட்டு முறிந்து சக்கரம் மடங்கும். பின் சஸ்பென்ஷனுக்கும் ஒரு குணம் உண்டு. வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்வாங்கி கார் சுழலலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

மின்சாரம்: சில பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் வழக்கம்போல பேட்டரியை மாட்டினால் வயரிங் பாழாகும். ஓர் ஐசோலேட்டர் சுவிட்ச் போட்டு, நிறுத்தும்போதெல்லாம் பேட்டரியைத் துண்டிப்பது நல்லது.

பெட்ரோல்: இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய ரப்பர் ஹோஸ், சீல்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக மாற்றி, டேங்க்கைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரை மறுபடி ட்யூன் செய்யுங்கள். கசிவுதான் தீவிபத்துக்கு முதல் காரணம். எனவே ஒரு தீயணைப்பான் காரிலேயே இருக்கட்டும்.

வெயில்: டெல்லியின் மே மாத 45 டிகிரியில், இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். 'வேப்பர் லாக்' என்பார்கள். பதற வேண்டாம். பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி அமைத்து, வெப்பத் தடுப்பு உறை போட்டால் தொல்லை குறையும்.

பாகமும் ஆளும் எங்கே கிடைக்கும்?

நம்ம சென்னைக்குப் புதுப்பேட்டை மாதிரி டெல்லிக்கு காஷ்மீரி கேட். புது பாகங்களுக்கு அங்கே போகலாம், பழைய இரும்புக்கு மாயாபுரி. நல்ல மெக்கானிக்கைத் தேடுவதற்கு, கார் வாங்கும் முன்பே ராலிகளுக்குப் போய்ப் பேசுங்கள். 1964-ல் தொடங்கிய 'தி ஸ்டேட்ஸ்மேன்' விண்டேஜ் கார் ராலி டெல்லியில் பேர்போனது. ஹரியானாவின் தாவ்ரூவில் உள்ள ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பிடித்தது காரா, காரின் படமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, பணம்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் விலையாகக் கொடுக்காதீர்கள். விலையில் கால் பங்கையாவது முதல் வருட வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கும் எடுத்தால், காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள்.

50 வயதைக் கடந்த, மாற்றம் செய்யப்படாத, காகிதம் முழுமையாக உள்ள கார், சொந்தப் பார்க்கிங், வருடத்தில் சில ஞாயிறுகள் மட்டும் ஓட்டினால் போதும் என்ற மனசு. இந்த மூன்றும் இருந்தால் டெல்லியில் தாராளமாக வாங்கலாம். தினமும் ஓட்ட வேண்டும் என்றால், அந்தக் காரை வாங்க வேண்டிய ஊர் டெல்லி இல்லை.